ஏழாம் எண் வில்லாச் செயலாளருக்கு, நெல் மஞ்சளானது குறித்து

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
குடியிருப்போர் நலச்சங்கம்,
வில்லா எண் ஏழு (வயல் பார்த்த வீடு).

அனுப்புநர்:
மேற்படி வயலின் சொந்தக்காரன்.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தரசியாரும் நலமாக இருக்கிறீர்கள் என்பதை, இன்று காலை இருவரும் மாடியில் நின்று டீ குடித்ததை என் வரப்பிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். கை காட்டினேன். தாங்கள் கவனிக்கவில்லை. கோப்பையோடு அவசரமாக உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தியது குளிருக்காகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தாலும். என் நலத்தைத் தாங்கள் விசாரிக்கவில்லை. இருந்தாலும் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

தங்கள் சங்கத்தின் நோட்டீஸ் கிடைத்தது. கிடைத்தது என்ன, என் மோட்டார் ரூம் கதவிலும் நிலையிலும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், கதவைத் திறக்கக் காலை ஊன்றி இழுக்க வேண்டியதாயிற்று. தவளைகள் கத்துவது, எருவின் வாடை, மோட்டார் சத்தம், நான் சட்டை போடாமல் வரப்பில் நடப்பது எல்லாம் படித்தேன். சட்டை போட்டுக்கொள்கிறேன். எருவிடமும் மோட்டாரிடமும் பேசிப் பார்க்கிறேன். தவளைகள் கேட்கும் என்று தோன்றவில்லை, அவை தங்கள் சங்கம் பதிவு ஆவதற்கு முன்பிருந்தே அங்கே குடியிருக்கின்றன. ஆனால் கடைசியில் ஒன்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் மூன்று தடவை படித்தேன். "மேற்படி வயல் சில நாட்களாகப் பச்சை நிறத்தை இழந்து மஞ்சளாகக் காணப்படுகிறது. வீடு விற்பனையின்போது பசுமையான காட்சி என்றே உறுதியளிக்கப்பட்டது. வரும் ஞாயிறன்று இரண்டாம் கட்ட வீடுகளுக்கான வாடிக்கையாளர்கள் பார்வையிட வருவதால், அதற்குள் இக்குறையைச் சரி செய்யவும், அதுவரை அறுவடை போன்ற காட்சியைக் கெடுக்கும் செயல்களைத் தவிர்க்கவும்." இரண்டாம் கட்டம் எங்கே வரப்போகிறது என்று மட்டும் எழுதவில்லை. கீழே, இப்படிக்கு, செயலாளர். அந்தக் கையெழுத்தின் கடைசிச் சுழியை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் கூடப் பிறந்த தம்பியின் சுழி.

பதில் எதுவானாலும் எழுத்து மூலமாக வாயிற்காவலர் பெட்டியில் போட வேண்டும், குடியிருப்போரை மதில் மேல் ஏறிக் கூவி அழைக்கக் கூடாது என்றும் போட்டிருந்தது. அந்தக் கூவியவன் நான்தான். நேற்று "டேய் தம்பி" என்று மூன்று தடவை கூப்பிட்டேன், எட்டாம் எண் வீட்டம்மாவின் பூனை பயந்து சோஃபாவுக்கு அடியில் போய்விட்டதாம். நாற்பதடி தூரத்தில் இருக்கும் தம்பிக்கு அண்ணன் பெட்டியில் கடிதம் போடுகிறேன், செயலாளர் அவர்களே. மோட்டார் ரூமில் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து, தங்கள் நோட்டீஸையே கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன், பாதிக்கு மேல் கதவோடு போய்விட்டது, எழுத்து நெருக்கமாக இருந்தால் மன்னிக்கவும்.

வேறு யாராவது எழுதியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. பன்னிரண்டாம் எண் வீட்டு ரிட்டயர்டு டாக்டர் போன வாரம் வாக்கிங் வந்தவர், மதில் மேலே தலையை நீட்டி, "ஏங்க, இலையெல்லாம் மஞ்சளா இருக்கே, எப்பலேருந்து இப்படி? சாப்பாடு சரியா இறங்குதா?" என்று கேட்டார். நெல்லுக்கு. நான் சிரிக்கவில்லை. பாவம், மனுஷன் ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தவர், பச்சை மஞ்சளானால் அவருக்கு அது கல்லீரல். ஆனா நீ? பிறந்ததிலேருந்து சேத்துல நின்னவன் நீ. நாத்து பிடுங்கி, களை பறிச்சு, கதிர் தலை சாஞ்சா கையில உருவிப் பல்லுல கடிச்சுப் பார்த்து "அண்ணே, இன்னும் நாலு நாள்"னு சொன்ன வாய் அது. மஞ்சளானா சரி செய்யணுமாம். எப்படிடா சரி செய்யறது? பெயின்ட் அடிக்கவா? எத்தனை டப்பா வேணும்னு சங்கத்துல தீர்மானம் போட்டு அனுப்பு, தூரிகையும் நீங்களே கொடுத்துடுங்க.

சரி, மரியாதையாக எழுதுகிறேன். செயலாளர் அவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்தபோது ரோட்டுப் பக்கம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. சின்னவன் அவன், அவனே எடுத்துக்கட்டும் என்று சொன்னது நான். பின்பக்கம் எனக்கு. பத்திரம் எழுதியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பின்னால இருக்கிறவருக்கு முன்னால வழி வேணுமே, பத்து அடி வண்டிப் பாதைன்னு ஒரு வரி சேர்த்துடலாமா?" என்றார். நான் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்தேன். "ஏன் சார், எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல வழியைப் பேப்பர்ல எழுதிக்கணுமா?" என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். அவருக்கு ஒரு மாதிரியாகப் போய், அந்த வரியை விட்டுவிட்டார். என் வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்கிலேயே அதிகம் செலவு வைத்தது அதுதான். இன்றைக்கும் அவர் எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

அப்புறம் நீ வித்தே. வித்தது கூட எனக்குப் பெரிசில்லை, அவனவன் கஷ்டம் அவனவனுக்கு, கேட்காம வித்தியேன்னு உன் அண்ணிதான் ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தா. வித்த பணத்துல என்ன பண்ணுவான், ஊரைப் பார்த்துப் போவான், கடை வைப்பான்னு நினைச்சேன். இவன் என்னடான்னா முழு நிலத்தையும் வீடு கட்டி விக்கிற கம்பெனிக்குக் கொடுத்துட்டு, அதே கம்பெனிகிட்ட அதே நிலத்துல வீட்டுக்கு அளவா ஒரு துண்டை வாங்கி அதுல குடி வந்துட்டான். அதுவும் வயல் பார்த்த வீடுன்னு மத்த வீட்டை விடக் கூடுதலாக் கொடுத்து. எந்த வயல்? என் வயல். சின்ன வயசுல நாள் முழுக்க, வேண்டாம்னாலும் பார்த்த வயல். நுழைவாயில் வளைவுல தங்க எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு பேர் வச்சிருக்காங்களே, அதுக்கு நெல் வயல்னு அர்த்தமாம், டாக்டர்தான் சொன்னார். நெல்லை வாரிப் போட்டுட்டு பேரை மட்டும் எடுத்து மாட்டிட்டானுங்க.

ஒரே ஒரு தடவை உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? வாசலில் என்னைப் போட்டோ பிடித்து, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள், அதில் "விருந்தாளி, ஒரு மணி நேரம்" என்று இருந்தது. உன் மாடியில் பச்சைப் பசேல் என்று புல். குனிந்து தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக். ஹாலில் சுவர் அகலத்துக்கு ஒரு வயல் படம், அதில் யாரோ குனிந்து களை எடுக்கிறான், முதுகு மட்டும் தெரிகிறது. "படம் நல்லா இருக்கே"ன்னு சொன்னேன். உன் பெண்டாட்டி வேகமா உள்ள போயிட்டா. வலது தோள்ல அந்தத் தழும்பைப் பார்த்ததும்தான் தெரிஞ்சது, அது என் முதுகு. எப்ப எடுத்தானுங்களோ. கம்பெனிக்காரன் எல்லா வீட்டு ஹாலுக்கும் ஒண்ணு கொடுத்தானாமே, ஆக இருபத்திரண்டு வீட்டுல என் முதுகைப் பார்த்துக்கிட்டு எல்லாரும் டிவி பார்க்கிறீங்க. நான் சட்டை இல்லாம வரப்புல நடந்தா மட்டும் நோட்டீஸ்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நெல் முத்திவிட்டது. இன்னும் இரண்டு நாள் நின்றால் மணி தானாகக் கொட்டும். மேற்கே பார்த்தால் மேகம் அடுக்கி வைத்திருக்கிறது, மழை ஒரு தட்டுத் தட்டினால் கதிர் படுத்துவிடும், படுத்தால் முளைத்துவிடும். கையால் அறுக்கலாம் என்றால் ஆள் எங்கே? அறுத்த ஆட்களெல்லாம் உங்கள் வளைவுக்குள்தான் இருக்கிறார்கள். ஒருத்தர் நீச்சல் குளத்தில் இலை பொறுக்குகிறார், ஒருத்தர் புல்லுக்கு முடி வெட்டுகிறார். கேட்டில் நிற்கிற காவலர் யார் தெரியுமா செயலாளரே, நம்ம மின்னல்தான். அரிவாளைப் பிடித்தால் கை தெரியாது என்று நாம்தான் அவனுக்கு மின்னல் என்று பேர் வைத்தோம். இப்போது அவன் ஒரு கேட்டைத் திறக்கக் கால் மணி நேரம் எடுக்கிறான்.

எனவே அறுவடை மிஷின் சொல்லி, நேற்று காலை எட்டு மணிக்கு லாரியில் வந்து இறங்கிவிட்டது. நான் நடக்க வாய்க்கால் கரை இருக்கிறது, மிஷின் வாய்க்கால் கரையில் நடக்குமா? உன் பழைய நிலத்து வழியாத்தான் வரணும், அதாவது உங்க வளைவு, உங்க செங்கல் ரோடு, உங்க பூந்தொட்டி எல்லாம் தாண்டி, பின்னால இருக்கிற இரும்பு கேட்டு. மின்னல் வழியை மறிச்சு நோட்டை விரிச்சான். "பேரு?" மிஷின்காரர் தன் பேரைச் சொன்னார். "உங்க பேரில்ல, உள்ள வரப்போறவங்க பேரு." "அறுவடை மிஷின்." எழுதிக்கிட்டான். "யாரைப் பார்க்க?" அவர் பேந்தப் பேந்த முழிச்சுட்டு, "நெல்லைப் பார்க்க"ன்னார். "நெல்லு எத்தனாம் நம்பர் வீடு?" எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. "டேய் மின்னல், இந்த வயலை நீ பதினஞ்சு வருஷம் அறுத்திருக்கே, உனக்கே தெரியாதா?"ன்னு கேட்டேன். அவன் மெதுவா, "தெரியும்ணே. ஆனா நோட்டுல வயலுக்குக் கட்டம் இல்லையே, வீட்டுக்குத்தான் இருக்கு. யாராவது வீட்டுக்காரங்க போன்ல சரின்னு ஒரு பட்டனை அழுத்தணும், இல்லேன்னா என் வேலை போயிடும்"ன்னான். அவன் மேல என்னத்தைச் சொல்ல. ஏழாம் நம்பருக்கு அனுப்புடான்னேன், அனுப்பினான். உன் போனுக்கு வந்திருக்கும். "விருந்தாளி காத்திருக்கிறார்." நேத்து காலையிலேருந்து காத்திருக்கு.

அதுக்கப்புறம் நடந்த கூத்தைக் கேளு. பத்து மணிக்கு ஒரு வீட்டம்மா கார்ல வந்தவங்க, வாசல்ல இவ்வளவு அசிங்கமா என்ன நிக்குதுன்னு கேட்டு சங்கத்துக்கு போன் போட்டாங்க. சங்கத்துலேருந்து ரெண்டு பேர் வந்து, அனுமதியில்லாத இடத்துல நிறுத்தியிருக்குன்னு சக்கரத்துக்குப் பூட்டுப் போடப் போனாங்க. அதுக்குச் சக்கரமே கிடையாது, ரப்பர் பட்டைதான். பூட்டை எங்க மாட்டறதுன்னு ரெண்டு பேரும் சுத்திச் சுத்தி வந்து, கடைசியில டிரைவர் ஏறுற ஏணியில மாட்டிட்டுப் போனானுங்க. மிஷின்காரர் ஏணி இல்லாம பின்பக்கமா தொத்தி ஏறி, முழங்காலைச் சிராய்ச்சுக்கிட்டார். அப்புறம் பார்வைக்கு நல்லா இல்லைன்னு ஒரு பச்சைத் துணியைக் கொண்டு வந்து மிஷினையே மூடிட்டாங்க. உங்களுக்குப் பச்சைன்னா எதுவானாலும் சரி போல. நான் உனக்கு ஆறு தடவை போன் பண்ணேன். ஏழாவது தடவை "மீட்டிங்கில் இருக்கிறேன்"னு ஒரு மெசேஜ் வந்தது. எங்கே மீட்டிங்? மாடியில நின்னு மிஷினைப் பார்த்துக்கிட்டிருந்தே, பனியன் கலரைக் கூடச் சொல்லவா?

மிஷின்காரர் நல்ல மனுஷர். "மத்த இடத்துலயும் நெல்லு நிக்குதுங்க, இன்னைக்கு மதியம் பன்னிரண்டு வரைக்கும் பார்க்கிறேன், அதுக்கு மேல என்னால ஆகாது"ன்னு சொல்லிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. இதைப் பார்த்துக்கிட்டே கம்பெனி ஃபைல்காரர் வேற கேட்டுக்கு எதிரே காரை நிறுத்தி உட்கார்ந்திருக்கார். அவரைத் தெரியுமில்ல, போன வருஷம் முழுக்க மஞ்சள் ஃபைலோட என் வீட்டுக்கு நடையா நடந்தவர், "ஐயா, கையெழுத்து மட்டும்தான் பாக்கி, மீதி எல்லாம் நாங்களே பூர்த்தி பண்ணிட்டோம்"னு சொல்றவர். இன்னைக்கும் பல்லைக் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

ஆகையால் செயலாளர் அவர்களுக்கு இறுதியாகத் தெரிவிப்பது. ஞாயிற்றுக்கிழமை வரை நெல் காத்திருக்காது. தங்கள் போனில் பச்சையாக ஒரு பட்டன் இருக்கிறதாம், அதை ஒரு விரலால் ஒரு தடவை தொட்டால் போதும். அதுவும் முடியாதென்றால் விடுங்கள். அறுக்காமல் போனால் போகட்டும், நனைந்தால் நனையட்டும், முளைத்தால் முளைக்கட்டும். முளைத்தால் மறுபடி பச்சையாகத்தான் இருக்கும், தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் உடம்பில் உயிர் இருக்கிற வரைக்கும் இந்த நிலத்தில் ஒரு செங்கல் விழாது. எந்த ஃபைலிலும் என் பேனா படாது. தம்பி கைவிட்டான் என்று மண்ணைக் கைவிடுகிற ஆள் நானில்லை. இது சத்தியம்.

தாங்களும் தங்கள் சங்கமும், பிளாஸ்டிக் புல்லும், சுவரிலிருக்கும் என் முதுகும், ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் சிறப்பாக இருக்க வாழ்த்துகிறேன். எட்டாம் எண் வீட்டுப் பூனைக்கு என் வருத்தத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மதிலுக்கு அந்தப் பக்கத்து அண்ணன்.

பின்குறிப்பு: இதை மடிச்சுப் பெட்டியில போடலாம்னு கேட்டுக்கு வந்தா மணி பன்னிரண்டே முக்கால். மிஷின்காரர் எனக்காக முக்கால் மணி கூடுதலா நின்னுட்டு, பச்சைத் துணியை உருவிட்டு மிஷினை லாரியில ஏத்திக் கயிறு கட்டிக்கிட்டிருக்கார். மேற்கே இடிக்குது. உன் ஜன்னலைப் பார்த்தேன், திரை போட்டிருந்தது. ஃபைல்காரர் பக்கத்துல வந்து சத்தமே இல்லாம, "ஐயா, நீங்க நம்ம ஆளாயிட்டா இந்த கேட்டே உங்களுதுதான். நெல்லு பூரா அறுத்து எடுத்துக்கிட்டு நிலத்தைக் கொடுங்க போதும், எழுதியே தரேன்"னார். உன் அண்ணி கூட வந்திருந்தா. அவளைப் பார்த்தேன். அவ வயலைப் பார்த்தா. நாலு மாசம் குனிஞ்ச நெல்லுடா. அவர் கார் டிக்கி மேல ஃபைலை வச்சு, காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன், பதினோரு இடம். சத்தியம் எழுதின மை இன்னும் காயலை, அதே பேனா. அவர் காருக்குள்ள உட்கார்ந்து ஒரு போன் போட்டார், அவ்வளவுதான், கேட்டு, பின் கேட்டு, ஏணிப் பூட்டு எல்லாம் திறந்துடுச்சு. மின்னல் எனக்கு சல்யூட் அடிச்சான், அவன் முகத்தை என்னால பார்க்க முடியலை.

வரைபடத்தையும் காட்டினார். உங்க இரண்டாம் கட்டம் என் நிலம்தான். உன் ஜன்னலுக்கு நேர் எதிரே நீலத்துல ஒரு பெரிய சதுரம் போட்டிருந்தது, குளமான்னு கேட்டேன். இல்லையாம், ரெண்டு கட்டமும் சேர்த்து நாற்பது வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் பண்ற நிலையமாம். வரைபடத்து மூலையில தேதி பார்த்தேன். நீ வயல் பார்த்த வீடுன்னு கூடுதலாக் கொடுத்து வாங்கினதுக்கு மூணு மாசம் முந்தின தேதி. நல்லா ஏமாந்தியா? ரெண்டு பேருமே நல்லா ஏமாந்தோம், நீ இங்கிலீஷ்ல, நான் தமிழ்ல.

இன்னொரு பின்குறிப்பு: மிஷின் ரெண்டாவது சுத்து வரும்போது மின்னல் மூச்சு வாங்க ஓடி வந்தான், கையில போனோட. "அண்ணே, ஏழாம் நம்பர்லேருந்து சரின்னு வந்துடுச்சு." காட்டினான். எல்லாக் கட்டத்தையும் நீயே பூர்த்தி பண்ணியிருக்கே. வருபவர்: அறுவடை மிஷின். யாரைப் பார்க்க: அண்ணனை. எவ்வளவு நேரம்: முழுக்க அறுத்து முடிக்கும் வரை. மணி ஒண்ணு பத்து. ஃபைல்காரர் கார் மெயின் ரோட்டைத் தாண்டிப் போயிடுச்சு. அரை மணி நேரம்டா. சண்டாளா, அரை மணி நேரம் முன்னால உன் விரலுக்கு என்ன கேடு வந்தது?

மழை இன்னும் விழலை. கீழ்ப்பக்கம் பாதி நிக்குது, சாயங்காலம் வரைக்கும் ஆகும். அது வரைக்கும் வயல் நம்மளுது, எழுதிக் கொடுத்திருக்காங்க. வரதுன்னா இப்பவே மதில் ஏறிக் குதிச்சு வந்துடு, நெல்லைக் கையில வாங்கிப் பார்த்துட்டுப் போ. அந்தச் செயலாளரை மட்டும் கூட்டிக்கிட்டு வராதே.